குண்டல்பேட்டை வேப்பிலை

என் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. நான் வைத்ததில்லை. கோயம்புத்தூரில் இந்த வீட்டை வாங்கும்போதே நின்றது. வேறு மரமாக இருந்தால் தேவலை என்று அப்போதே சொன்னேன், யார் கேட்டார்கள். அந்த மரத்தில் என்னைக் கேட்காமல் ஒருவரும் இலை பறிக்க முடியாது. கேட்டாலும் உடனே கிடைக்காது. ரிட்டயரான நர்ஸம்மா நாலு இலைக்குக் கணக்குப் பார்க்கிற கருமி என்று வீதியில் எனக்குப் பேர். பேசிவிட்டுப் போகட்டும். போன மாதம் எதிர்ச் சந்தில் குடியிருக்கும் பெண் ஒருத்தி காலையிலேயே வந்து நின்றாள். "ஏனுங்கக்கா, பையனுக்கு அம்மை வாத்திருக்குதுங்க. ஒரு கொத்து வேப்பெல ஒடிச்சுக்கறேனுங்க" என்றாள். இலை இருக்கட்டும், முதலில் பையனைத் தூக்கிக்கொண்டு வா, நான் பார்க்க வேண்டும் என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாலு எலைக்கு இத்தன கேள்விங்களா" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவள் போன பிறகு, அவள் கை வைத்து வளைத்த கிளையிலிருந்து வாசனை வந்தது. எனக்கு அந்த வாசனை வந்தால் பெரியப்பாவின் முகம் வரும். அந்த முகம் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசாரியாக இருந்தவர். தாய் தகப்பன் போன பிறகு என் அப்பாவைத் தூக்கி வளர்த்தது அவர்தான். அதை அவர் மறக்கவும் இல்லை, அப்பாவை மறக்க விடவும் இல்லை. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய வருடங்களில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது, மற்றவர்கள் பெட்டியில் சட்டி பானையும் துணிமணியும் வைத்திருந்தார்கள். பெரியப்பா தம் டிரங்குப் பெட்டியில், வேட்டிக்குள் சுற்றி, கோயில் கல்லைக் கொண்டு வந்தார். சுங்கக்காரர் திறந்து பார்த்து இது என்ன என்று கேட்டதற்கு, "அம்மிக் குழவிங்க ஐயா" என்றாராம். மாரியாத்தாவையே குழவி என்று சொல்லிக் கரை சேர்த்த மனிதர் அவர். இந்தக் கதையை எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். சின்ன வயதில் நானும் சிரித்திருக்கிறேன். தேவைப்பட்டால் ஆத்தாவைக் கல் என்று சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

மண்டபம் முகாமில் கிடந்துவிட்டு, தேவாலாவுக்கும் பந்தலூருக்கும் நடுவில் இருந்த ஓர் அரசாங்கத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒன்றில் பெரியப்பா குடும்பம், சுவருக்கு அந்தப் பக்கம் நாங்கள். அங்கே பெரியப்பாவை யாரும் பூசாரி என்று மதிக்கவில்லை. முன்பே அங்கிருந்தவர்களுக்கு நாங்கள் எல்லோரும் "சிலோன்காரங்க". அதில் பூசாரி என்ன, கங்காணி என்ன. எல்லோரையும் போல அவரும் மழையில் நனைந்துகொண்டு கவ்வாத்துக் கத்தியோடு செடி வெட்டப் போனார். கொண்டு வந்த கல், லயத்தின் கோடியில் ஒரு தகரத் துண்டுக்கடியில் கிடந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் மட்டும் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பார்கள். மனிதர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு அப்போது பால் பல்கூட விழவில்லை. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

தேவாலாப் பக்கத்து ஆடி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, துணி காயாது, விறகு பிடிக்காது. அந்த ஈரத்தில் அவன் உடம்பு மட்டும் அடுப்பாகக் கொதித்தது. இரண்டு கண்ணும் சிவந்து போயின, ஆனால் பீளை இல்லை. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. நாக்கு செக்கச்செவேலென்று, மேலெல்லாம் பொரிப் பொரியாக இருந்தது. உள்ளங்கையும் பாதமும் வீங்கி, காலைத் தரையில் ஊன்ற மாட்டேன் என்றான். உடம்பெல்லாம் செம்மண் தெளித்த மாதிரி தடிப்பு. யார் தொட்டாலும் கத்தினான், என்னைக்கூடக் கிட்டே விடவில்லை. பெரியப்பா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா வந்துட்டா" என்றார். "கடல் தாண்டி வந்தவ, நம்மள மறக்கல." அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அம்மா புருஷனின் அண்ணன் முன்னால் நின்று பேச மாட்டாள். எங்கள் ஆட்களில் அப்படித்தான். சொல்ல வேண்டியதை அப்பாவிடம் சொல்வது போல, அவர் காதில் விழும்படி சொல்வாள். "அம்மைன்னா முத்து எங்கங்க? ஒடம்புல ஒரு முத்துகூட இல்லியே. நாக்கப் பாருங்க, இது வேற என்னமோ மாதிரி இருக்கு. பெரியவர ஒரு தடவ உள்ள வந்து நாக்கப் பாக்கச் சொல்லுங்க" என்று அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அம்மைக் கொப்புளத்தை நாங்கள் முத்து என்றுதான் சொல்வோம். பெரியப்பாவும் அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னார். "முத்த உள்ளுக்குள்ள போட்டுருக்கா. சில பேருக்கு அப்புடித்தான். மருந்து கிருந்து, ஊசி கீசின்னு போயிராதீங்க. ஆத்தா கோவிச்சுக்குவா. புள்ளயத் தூக்கிட்டுப் போயிருவா." அதற்கு மேல் அந்த வீட்டில் யார் பேச முடியும். தோட்டத்து மருந்துக்கடைக்காரர் கொடுத்திருந்த காய்ச்சல் மாத்திரையைக்கூட அப்பா அடுப்பில் போட்டார். போட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

இனி வேப்பிலை வேண்டும். தேவாலா மழைக்கு வேம்பு வராது. பலாவும் மிளகும் வரும், தேயிலை வரும், வேம்பு வராது. பெரியப்பாவின் உத்தரவுப்படி அப்பா ஒரு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கூடலூரில் இறங்கி, மைசூர் போகும் பஸ் பிடித்து, யானைக் காட்டைத் தாண்டி, குண்டல்பேட்டையில் போய் இறங்கினால்தான் வேப்பமரத்தைக் கண்ணால் பார்க்கலாம். பாஷை தெரியாத ஊரில் யார் யாரையோ கெஞ்சி, சாக்கு நிறைய ஒடித்துக்கொண்டு, மறுநாள் நனைந்துபோய் வந்து சேர்ந்தார். போகும்போதும் வரும்போதும் கூடலூர் பெரிய ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறார். வெகுநாள் கழித்து அம்மா ஒரு தடவை அவரைக் கேட்டாள், அங்கே இறங்கி, பிள்ளைக்கு இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று. "எல வாடிரும்னு வந்துட்டேன்" என்றார் அப்பா. என் அப்பா முட்டாள் இல்லை. பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவர். அந்த மனிதரை அப்படி ஒரு பதில் சொல்ல வைத்தவர்மேல்தான் என் கோபம்.

அப்பா வந்து சேர்ந்தபோது தம்பி மூச்சு மேலும் கீழுமாகக் கிடந்தான். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். வாயைத் திறந்து நாக்கைக் காட்டி, அப்பாவிடம், "காட்டுங்க, ஒருக்கா பாக்கச் சொல்லுங்க" என்றாள். பெரியப்பா சாக்கைத் தரையில் கொட்டி, வாடிய இலையை ஒதுக்கி, நல்லதாகப் பார்த்துக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

காய்ச்சல் இரண்டாவது வாரத்தில் தானாக இறங்கியது. விரல் நுனியில், நகத்தடியிலிருந்து, தோல் உரிந்து வந்தது. கையுறையைக் கழற்றுகிற மாதிரி சுருள் சுருளாக வந்தது. அதைப் பார்த்ததும் பெரியப்பா, ஆத்தா சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டாள் என்று லயம் முழுக்கச் சொன்னார். மருந்தே தொடாமல் பிழைத்த பிள்ளை. பார்க்க ஆட்கள் வந்தார்கள், சிலோன்காரங்க என்று ஒதுக்கிப் பேசியவர்களும் வந்தார்கள். தகரத் துண்டு போய் ஓட்டுக் கூரை வந்தது. கூரை போய்ச் சிமெண்டுக் கட்டடம் வந்தது. பெரியப்பா மறுபடி பூசாரி ஆனார். பஞ்சாயத்து என்றால் அவரைக் கூப்பிட்டார்கள். என் தம்பியின் காய்ச்சலில்தான் அந்தக் கோயில் எழும்பியது.

உயிரைத் திருப்பிக் கொடுத்ததற்கு வருடா வருடம் அவன் தீச்சட்டி எடுக்க வேண்டும் என்று பெரியப்பா நேர்ந்துவிட்டார். ஆற்றில் குளித்து, மஞ்சள் துணி கட்டி, கையில் வேப்பிலை பரப்பி, அதன்மேல் எரிகிற மண்சட்டியை வைத்துக்கொண்டு, தேயிலை மலையில் ஏறி வர வேண்டும். ஏற்றம் நெட்டுக்குத்தல். அதற்கும் வேப்பிலை குண்டல்பேட்டையிலிருந்துதான் வந்தது. சின்னப் பையனாக இருந்தபோது பெரியவர்கள் சட்டியைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வளர்ந்த பிறகு அவனே எடுத்தான். பிழைத்த பையன் சட்டி எடுக்கிறான் என்று வெளித் தோட்டத்திலிருந்தெல்லாம் கூட்டம் வரும். தம்பி நல்ல பையன். கேலி பேசுவான், கால்பந்து என்றால் பைத்தியம். ஆனால் பாதி ஆட்டத்தில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவான். பையன்கள் அவனைச் சோம்பேறி என்பார்கள். ஒருநாள் கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறி வந்து, வெளிறிப்போய் என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா, மேடு ஏறுனா நெஞ்சுல யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி இருக்கு. நின்னா போயிருது" என்றான். அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன்.

அந்த வருடத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் அம்மா அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் போய், பெரியப்பாவின் முகத்துக்கு நேரே நின்றாள். பெரியம்மா பதறிப்போய் எழுந்துவிட்டாள். "இந்த வருசம் அவன விட்டுருங்க. நெஞ்சு வலிக்குதுங்குறான். டாக்டருகிட்டக் காட்டிட்டு அடுத்த வருசம் எடுக்கட்டும். வேணும்னா அவனுக்குப் பதிலா நான் எடுக்குறேன்" என்றாள். பெரியப்பா அவளைப் பார்க்காமல் அப்பாவைக் கூப்பிட்டார். "இவ என்னாடா பேசுறா? ஆத்தா குடுத்த உசுரு. வருசத்துல ஒருநாள் அவளுக்குக் குடுக்கக் கசக்குதா? டாக்டருகிட்டப் போனா டாக்டரு பாத்துக்குவாரு. அப்புறம் ஆத்தாவ எதுக்குக் கூப்புடுறீங்க?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வெளியூர் ஆட்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, பிழைத்த பையன் இல்லாமல் திருவிழா எப்படி. அதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை.

நான் ஏற்றத்தின் பாதியில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். தப்பு முழங்க அவன் வந்தான். உதட்டைப் பார்த்தேன், நீலமாக இருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். முட்டி மடிந்தது. சட்டி உருண்டு, கங்கெல்லாம் ஈரத் தேயிலைச் செடிக்குள் விழுந்து சீறியது. அவன் குப்புற விழுந்தான், ஒரு தடவை உடம்பு வெட்டியது. நாலு பேர் ஓடி வந்தார்கள். அப்போது பெரியப்பா இரண்டு கையையும் விரித்து முன்னால் வந்து நின்றார். "யாரும் தொடாதீங்க. ஆத்தா எறங்கியிருக்கா." ஓடி வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தப்புக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள், குலவை போட்டார்கள். என் தம்பி மண்ணில் முகம் புதைந்து கிடக்க, சுற்றி நின்று கும்பிட்டார்கள். கூட்டத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்த அம்மா ஆட்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து அவனைப் புரட்டினாள். கண் திறந்திருந்தது. தப்பு ஓய்வதற்கு அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஆனது.

ஆத்தா கொடுத்ததை ஆத்தாவே எடுத்துக்கொண்டாள் என்று பெரியப்பா சொன்னார். அம்மா சந்தேகப்பட்டதுதான் காரணம் என்று பெரியம்மா வாயால் சொல்ல வைத்தார். அம்மா சாகும்வரை அவர் முன்னால் நின்று பேசவில்லை, அவர் காதில் விழும்படியும் பேசவில்லை. நான் நர்ஸ் படிப்புக்குக் கோயம்புத்தூர் வந்தேன். வெகு காலம் திரும்பிப் போகவில்லை.

குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த காலத்தில், ஒரு மத்தியானம், காய்ச்சல் விடாத ஒரு குழந்தையைச் சேர்த்தார்கள். ஊசி போடுவதற்காகச் சமாதானப்படுத்தி அவள் கையைப் பிடித்தேன். வீங்கிய உள்ளங்கை, வெடித்த உதடு, பீளையில்லாத சிவந்த கண். அழும்போது நாக்கைப் பார்த்தேன். கையிலிருந்த ட்ரேயைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குக் கவாசாகி நோய் என்று பெயர், ஒரு ஜப்பான் டாக்டர் கண்டுபிடித்தது, ரத்தக் குழாய் அழற்சி என்று டாக்டரம்மா சொன்னார். குழந்தைகளுக்கு வரும், காய்ச்சல் தானாகவே போய்விடும், தோல் உரியும், எல்லோரும் பிழைத்துவிட்டது என்று நினைப்பார்கள் என்றார். ஆனால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் சில குழந்தைகளுக்கு உள்ளே அங்கங்கே மணி கோத்த மாதிரி வீங்கிவிடும். பல வருடம் கழித்து அதில் ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டால், ஓடும்போதோ மேடு ஏறும்போதோ சுருண்டு விழுவார்கள். உள்ளுக்குள் முத்து என்று பெரியப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. தெரியாமல் வாயில் வந்த சொல்லுக்கு ஒரு புண்ணியமும் கிடையாது. நான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். டாக்டரம்மா, "அந்தக் காலத்துல நீங்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் இதக் கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாதுங்க சிஸ்டர்" என்றார். ஆறுதலுக்காக இல்லை, உண்மையைத்தான் சொன்னார். சரி, காய்ச்சலை விட்டுவிடுகிறேன். அது யாருக்கும் தெரியாத நோய். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன பையனை மலை ஏற்றாதே என்று சொல்ல எந்தப் புதுப் படிப்பு வேண்டும்? விழுந்தவனைத் தொடாதே என்று சொல்லாமலிருக்க எந்த ஜப்பான்காரர் வர வேண்டும்?

அந்தக் குழந்தைக்கு மருந்து ஏறி, இதயத்தை ஸ்கேன் செய்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். நான் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இன்னும் சில வருடம் கழித்து பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததாகச் சேதி வந்தது. வலி வந்த உடனே, "ஜீப்பக் கூப்புடுடா" என்று மகனிடம் அவரே சொன்னாராம். கோயம்புத்தூருக்குக் கொண்டு வந்து, அடைப்பை எடுத்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் என்கிற வலை வைத்து அனுப்பியிருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு தேவாலாவுக்குப் பஸ் ஏறினேன். விசாரிக்கப் போகவில்லை. அவரிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருந்தது.

கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய திருநீறு. பக்கத்து ஸ்டூலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் அட்டை அட்டையாக மாத்திரை. நான் நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன். அது அம்மை இல்லை, நோய் என்றேன். அவன் நெஞ்சுக்குள் என்ன ஆகியிருந்தது என்றேன். சாமி இறங்கியது என்று நீங்கள் கையை விரித்து நின்றபோது அவனுக்கு இதயம் நின்றுகொண்டிருந்தது என்றேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "நீ படிச்சவ. ஒனக்கு அப்புடித் தெரியுது தாயி" என்றார்.

"அப்ப இதெல்லாம் என்னா பெரியப்பா? ஒங்களுக்கு ஆத்தா வரலியா?" என்று டப்பாவைக் காட்டினேன்.

"எனக்கு வந்தது ஆத்தா இல்லியே. இது வெறும் நோவு. நோவுன்னா மருந்து திங்கத்தானே வேணும்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. மனதார அப்படித்தான் நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு துளி கள்ளம் இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். அவர் என்னிடம் கையை நீட்டினார். "மாத்திரைக்கு நேரமாச்சு. அந்தச் சின்ன வெள்ள மாத்திரய எடுத்துக் குடு தாயி."

எடுத்தேன். ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை. வார்டில் எங்கள் குழந்தைகளுக்கும் அதே மருந்துதான், அளவு மட்டும் வேறு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆத்தா கோவிச்சுக்குவா, பெரியப்பா" என்றேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. முதல் தடவையாக அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். சாவுப் பயம். என் தம்பி என்னைப் பார்த்து வாயெடுத்தபோது அவன் கண்ணிலும் அதுதான் இருந்தது. நர்ஸ் உத்தியோகம் பார்த்துப் பழகிய கை, மாத்திரையை அவர் கையில் வைத்தது. மனசு வைக்கவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்துக் கொடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவர் நன்றாகவே பல வருடம் இருந்தார். செத்ததற்கு நான் போகவில்லை. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்களாம்.

போன மாதம் இலை கேட்டு வந்து கோபித்துக்கொண்டு போன பெண், சாயங்காலம் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வேறெங்கும் வேப்பமரம் கிடைக்கவில்லையோ, இந்தக் கருமியிடம் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வந்தாளோ. வெளிச்சத்தில் உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன், விரல் நுனியை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "ஆ சொல்லு கண்ணு" என்று நாக்கை நீட்டச் சொன்னேன். வெறும் சின்னம்மைதான், முத்து எல்லாம் வெளியே போட்டிருந்தது. நாளைக்கே டாக்டரிடம் காட்டு, காய்ச்சல் விடாமல் அடித்தால் ஒருநாளும் காத்திருக்காதே என்று சொல்லிவிட்டு, நானே துரட்டியை எடுத்து, தளதளவென்று இருந்த கிளையாகப் பார்த்து இழுத்துப் போட்டேன். "இதுக்கேனுங்கக்கா நாக்க நீட்டச் சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் கிளையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். என் அம்மா ஒரு பிள்ளையின் வாயைத் திறந்து நாக்கைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பார்க்க வேண்டியவர் குனிந்து வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்.